மேக்கும் மகனும் ஒன்றா?



என் மகள் அயர்லாந்தில் கில்கென்னி என்ற ஊரில் செவிலியராக இருக்கிறாள். பேரன் அங்கே ஐரிஷ் வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் இருவர். பையனின் குடும்பப் பெயர் 'ஓ ஸூலவான்'. அவனுடன் பிறந்த பெண்ணுக்கு 'நீ ஹூலவான்'. அவர்களுடைய தாயாருக்கோ 'ஈ ஹூலவான்'. ஒரே வீட்டில் மூன்று பெயர் எப்படி வரும்? மேக், மெக் என்று இரண்டு விதமாக எழுதுகிறார்களே, ஒன்று ஸ்காட்லாந்துக்காரர், மற்றது அயர்லாந்துக்காரர் என்பது சரியா? ஊர்ப் பெயரில் உள்ள 'கில்' என்ன? மேக் என்றால் மகனாம். நம் 'மகன்'தான் கடல் கடந்து மேக் ஆனான் என்று ஒரு கூட்டத்தில் நண்பர் பேசினார், கைதட்டலும் வாங்கினார். நம்பலாமா? இந்த முன்னொட்டுகள் எங்கிருந்து வந்தன என்று விளக்குங்கள்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை

ஐயா,

கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். மேக் வேறு, மகன் வேறு. ஒலியும் பொருளும் ஒத்துப்போவது தற்செயல்.

சொல்லின் உறவைப் பார்க்க இன்றைய ஒலி போதாது. பழைய உருவம் வேண்டும். அயர்லாந்தில் அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. ஓகம் என்பது கல்லின் விளிம்பு நெடுக வெட்டுக்கோடுகளாகச் செதுக்கும் எழுத்து. ஏறக்குறைய 4ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான இத்தகைய கற்கள் சுமார் 400 கிடைத்திருக்கின்றன. கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்ட் மாவட்டங்களில் அதிகம். பெரும்பாலானவற்றில் வாசகம் ஒரே அச்சு: இன்னாரின் மகனான இன்னாருடையது. 'மகனுடைய' என்பதற்கு அங்கே வரும் சொல் 'மக்வி'. நடுவில் உள்ள அந்த 'க்வ்' ஒலியைக் கவனியுங்கள். ஐரிஷில் அது பின்னர் வெறும் 'க்' ஆனது, மேக் கிடைத்தது. பக்கத்து உறவான வெல்ஷ் மொழியில் உதட்டொலியாக மாறியது, 'மாப்' கிடைத்தது. இது ஒரு சொல்லில் மட்டும் நடந்ததன்று. தலைக்கு ஐரிஷில் 'கியான்', வெல்ஷில் 'பென்'. நான்குக்கு ஐரிஷில் 'கியாஹர்', வெல்ஷில் 'பெட்வார்'. ஐந்துக்குக் 'கூக்', 'பிம்ப்'. கணக்குப் போட்டாற்போல் இணை இணையாக வருகிறது. மேக்கின் பிறந்த வீடு இந்த வரிசையில்தான்.

நம் மகனோ 'மக' என்ற அடியில் 'அன்' சேர்ந்து பிறந்தவன். அதே அடியில்தான் மகள், மக்கள், மகவு. தமிழாசிரியருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஐரிஷில் மேக்குக்கு அப்படி ஒரு பெண்பால் துணை கிடையாது. மகளுக்கு அங்கே 'இனீன்' என்ற முற்றிலும் வேறொரு சொல். மகன் கப்பலேறிப் போயிருந்தால் மகளை மட்டும் கரையில் விட்டுவிட்டா போயிருப்பான்? திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1856இல் நூலாக விரித்து நிறுவிய கால்டுவெல், அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர். அந்த மண்ணுக்கும் நமக்கும் இடையே நன்றிக்கடன் உண்டு. சொல் உறவு இந்த வழியில் இல்லை. வேறொரு வழியில் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி அந்த இரட்டையர். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். ஓகம் கற்களில் இது 'அவி' என்று வருகிறது. தாத்தாவைக் குறிக்கும் லத்தீன் 'அவுஸ்' இதற்கு ரத்த சொந்தம். 'அவி' பழைய ஐரிஷில் 'உவ' ஆகி, தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஓர் உயிரெழுத்தாக நிற்கிறது. முதலில் மேக், ஓ இரண்டும் உள்ளபடியே பொருள் தந்தன: அவனவன் அப்பன் பெயர், அவனவன் தாத்தா பெயர். தலைமுறைதோறும் மாறும். ஏறக்குறைய 10, 11ஆம் நூற்றாண்டுகளில் அது உறைந்துபோய்க் குடும்பப் பெயரானது. 1014இல் க்ளான்டார்ஃப் போரில் மாண்ட அரசர் ப்ரியன் போருவின் வழிவந்தவர்கள் 'ஓ ப்ரியன்' ஆனார்கள். அதன் பிறகு பிறந்த ஒவ்வொரு குழந்தையும் அந்த ஒரே ப்ரியனுக்குப் பேரன்தான். தமிழில் தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் 'பெயரன்', அவனே பேரன். அங்கே பேரன் என்ற சொல்லே பெயராகிவிட்டது.

ஆண்பிள்ளை பேரனாக இருக்கலாம். பெண்பிள்ளை எப்படி இருப்பாள்? ஐரிஷ்காரர்கள் இலக்கணத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஓ குடும்பத்தவரின் மகள் என்பதற்கு 'இனீன் ஈ' என்பார்கள். 'ஈ' என்பது ஓவின் வேற்றுமை உருவம். இரண்டும் ஒட்டிச் சுருங்கி 'நீ' ஆனது. மனைவிக்கு 'பான் ஈ'. 'பான்' என்றால் பெண், மனைவி. பேச்சில் அதை விட்டுவிட்டு வெறும் 'ஈ' போடுவார்கள். மேக் குடும்பமாக இருந்தால் மகள் 'நிக்', மனைவி 'விக்'. நம் ஊர் விண்ணப்பப் படிவத்தில் த/பெ, க/பெ என்று போடுகிறோமே, ஏறக்குறைய அதைத்தான் அவர்கள் பெயருக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அயர்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸ் ஐரிஷில் 'மாயிர விக் கில ஈச'. அது கணவர் வழிப் பெயர் என்பது 'விக்' என்பதிலேயே தெரிந்துவிடும்.

ஸூலவான் ஏன் ஹூலவான் ஆனது? 'நீ', 'ஈ' இரண்டுக்கும் பின்னால் வரும் மெய் இளகிவிடும். ஸகரம் ஹகரமாகும், பகரம் வகரமாகும். எனவே ப்ரியன் வீட்டுப் பெண் 'நீ வ்ரியன்'. நாம் நிலைமொழியின் ஈற்றிலும் வருமொழியின் முதலிலும் சந்தி பார்ப்பதுபோல் இதை அவர்கள் காதால் பார்க்கிறார்கள். பெயர் உயிரில் தொடங்கினால் ஓவுக்குப் பின் ஒரு ஹகரம் உள்ளே நுழையும். ஓ'ஹாரா, ஓ'ஹிக்கின்ஸ் ஆகிய பெயர்களில் அந்த ஹகரம் மூதாதையின் பெயரைச் சேர்ந்ததே அல்ல, உடம்படுமெய் மாதிரி வந்து குந்திக்கொண்டது.

ஓவுக்குப் பக்கத்தில் தொங்கும் அந்த மேற்குறி ஐரிஷ் எழுத்தில் கிடையாது. ஓவின் தலையில் நெடிலைக் காட்டும் சாய்கோடு மட்டுமே உண்டு. குறியைப் போட்டது ஆங்கில எழுத்தர்களின் கைவண்ணம். 2011 மே மாதம் டப்ளினில் பேசிய ஒபாமா, தன் பெயரில் எங்கோ தொலைந்துபோன அந்தக் குறியைத் தேடி வந்திருப்பதாகச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். அவருடைய தாய்வழி மூதாதையர் ஒருவர் மனிகால் என்ற அயர்லாந்துச் சிற்றூரிலிருந்து அமெரிக்கா போனவர்.

மேக், மெக் விஷயம் சுலபம். மெக் என்பது எழுதுகோலின் சோம்பல். மேக் என்பதைச் சுருக்கி எழுதினார்கள், அவ்வளவே. ஒன்று அயர்லாந்து, மற்றது ஸ்காட்லாந்து என்பதும், ஒன்று கத்தோலிக்கர், மற்றது சீர்திருத்தச் சபையார் என்பதும் வெறும் கதை. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒருவிதமாகவும் தம்பி இன்னொரு விதமாகவும் எழுதியதுண்டு. பழைய நூலகப் பட்டியல் விதிகள் மெக்கையும் மேக் என்றே கருதி அகரவரிசைப்படுத்தின.

மேக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதுதான் சுவையான இடம். நம் கல்விக்கூடங்களில் இன்றும் திட்டு வாங்கும் மெக்காலேயின் பெயருக்கு 'ஓலாஃபின் மகன்' என்று பொருள். ஓலாஃப் என்பது வைக்கிங்குகளின், அதாவது கடலோடி வந்த நார்ஸ்காரர்களின் பெயர். மெக்லவுட் பெயருக்குள்ளும் ஒரு நார்ஸ் மூதாதை இருக்கிறார். அதாவது மேக் கேலிக், அப்பன் நார்வேக்காரன். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை நார்ஸ்காரர்கள் நூற்றாண்டுக்கணக்கில் ஆண்ட வரலாறு இந்தப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டொனால்ட் என்பதோ சுத்தமான கேலிக் பெயர். 'உலகை ஆள்பவன்' என்று பொருள். இன்று அப்பெயரோடு மிகவும் அறியப்பட்ட டிரம்ப்பின் தாயார் மெக்லவுட் குடும்பத்தில் லூயிஸ் தீவில் பிறந்தவர், தாய்மொழி கேலிக். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கேலிக் என்றால் மூன்று மொழிகள்: ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், இரண்டுக்கும் நடுவே மேன் தீவில் பேசப்பட்ட மான்க்ஸ். மான்க்ஸைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 1974இல் இறந்தார். இப்போது பள்ளிக் குழந்தைகள் மீண்டும் கற்கிறார்கள். அந்தத் தீவில் மேக்கின் 'மே' உதிர்ந்து, 'க்' மட்டும் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டது. மேக் ஐசக் 'கிஸ்ஸாக்' ஆனார். பவுலின் மகன் 'க்வேல்' ஆனார்.

எல்லா முன்னொட்டும் கேலிக் அல்ல. 'ஃபிட்ஸ்' நார்மன் பிரெஞ்சு. அங்கும் பொருள் மகன்தான். ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் கென்னடி என்ற பெயரில் நடுப்பெயர் நார்மன், கடைப்பெயர் கேலிக். ஆனால் ஃபிட்ஸ்பேட்ரிக் மட்டும் வேஷக்காரர். உள்ளே 'மேக் கில ஃபாத்ரிக்' என்ற கேலிக் பெயர் ஒளிந்திருக்கிறது: பேட்ரிக் ஊழியனின் மகன். இந்தக் 'கில' என்றால் பணியாள், அடியான். கில்கிறிஸ்ட் என்பவர் கிறிஸ்துவின் அடியான். உங்கள் ஊர்ப்பக்கத்து ஏசுதாசன்தான் அவர். மெக்அலீஸ் பெயரில் வந்த 'கில ஈச' என்பதும் அதுவே.

கென்னடிக்கு முன்னால் இருக்க வேண்டிய ஓ எங்கே போயிற்று? அதற்கு உங்கள் பேரன் வசிக்கும் ஊருக்கே வர வேண்டும். 1366இல் கில்கென்னியில் கூடிய மன்றம், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஐரிஷ் பெயரோ மொழியோ வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டது. 1465இல் இன்னொரு சட்டம் நேரே ஐரிஷ்காரர்கள் மீது பாய்ந்தது. டப்ளினைச் சுற்றிய மாவட்டங்களில் வாழ்வோர் ஏதாவது ஓர் ஊரின் பெயரையோ, கறுப்பு, வெள்ளை என்று நிறத்தையோ, கொல்லர், தச்சர் என்று தொழிலையோ ஆங்கிலத்தில் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. சட்டத்தைவிடப் பிழைப்பு வலியது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஓவும் மேக்கும் நாட்டுப்புறத்தான் அடையாளமாகிவிட, பலர் தாமாகவே கழற்றி வைத்தார்கள். 1893இல் கேலிக் சங்கம் தொடங்கி மொழி மறுமலர்ச்சி சூடுபிடித்தபோது ஸூலவான் என்பதன் ஆங்கில வடிவமான ஸல்லிவனை வைத்திருந்தவர்கள் பலர் மறுபடி ஓ'ஸல்லிவன் ஆனார்கள். மர்ஃபிகள் மட்டும் அசையவில்லை. அயர்லாந்தில் மிக அதிகமான குடும்பப் பெயர் அதுதான், ஐரிஷில் எழுதினால் ஓ உண்டு, ஆங்கிலத்தில் இன்றும் மொட்டை.

இப்போது கில்கென்னி. கொலை ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். 'கில்' என்பது கோயில். துறவியின் சிற்றறையைக் குறிக்கும் லத்தீன் 'கெல்லா' கிறிஸ்தவத்தோடு வந்து 'கில்' ஆனது. கில்கென்னி என்றால் கனிக் என்ற 6ஆம் நூற்றாண்டுத் துறவியின் கோயில். அவர் பெயரிலேயே அங்கே பேராலயம் உண்டு, பக்கத்தில் பழைய உருளைக் கோபுரமும் உண்டு; பேரனை அழைத்துப்போகச் சொல்லுங்கள். கில்டேர் என்றால் கருவாலி மரக் கோயில். ஆனால் எச்சரிக்கை: 'காடு' என்ற பொருள் தரும் 'குயில்' என்ற சொல்லும் ஆங்கில எழுத்தில் கில் ஆகிவிடுவதுண்டு. பழைய ஆவணம் பார்க்காமல் எந்தக் கில் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. 'பாலி' என்று தொடங்கும் ஆயிரக்கணக்கான ஊர்களிலும் இதே வம்பு. பெரும்பாலும் அது 'பால்ய', அதாவது குடியிருப்பு. சில இடங்களில் 'ஆற்றுத்துறை முகப்பு' என்ற வேறொரு தொடர் அப்படித் திரிந்திருக்கிறது. பாலினா என்ற ஊர் அந்த வகை. 'டன்' என்றால் கோட்டை. டொனிகால் என்பது 'அந்நியர் கோட்டை', இங்கேயும் அந்நியர் வைக்கிங்குகள்தான்.

1824இல் தொடங்கிய பிரிட்டிஷ் நில அளவையின்போதுதான் இந்த ஊர்ப் பெயர்களெல்லாம் வரைபடத்துக்காக ஆங்கில எழுத்துக்கூட்டலில் நிலைபெற்றன. ஜான் ஓ'டோனவன் என்ற அறிஞர் ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் உச்சரிப்பும் பொருளும் கேட்டு எழுதிவைத்தார். அவர் குறிப்புகள் இல்லாவிட்டால் பாதிப் பெயர்களுக்கு இன்று பொருள் சொல்ல ஆள் இருக்காது.

இதுவரை நான் சொன்னவை எதுவும் இலக்கணப்படி முன்னொட்டே அல்ல, ஐயா. கவனித்திருப்பீர்கள். மேக், ஓ, கில், டன் எல்லாம் தனித்து நிற்கக்கூடிய முழுச் சொற்கள். நாம் பாளையங்கோட்டை என்கிறோம், கோட்டை பின்னால் வருகிறது. கேலிக்கில் கோட்டை முன்னால் வரும், யாருடையது என்பது பின்னால். ராமன் மகன் என்பதை 'மகன் ராமனுடைய' என்றுதான் அவர்கள் அடுக்குவார்கள். தலைச்சொல் முன்னால் நிற்பதால் ஆங்கிலக் கண்ணுக்கு அது முன்னொட்டாகத் தெரிந்தது.

உண்மையான முன்னொட்டுகள் வேறே இருக்கின்றன. சின்னவை, தனியே நிற்க மாட்டாதவை. நான் பிறகு வருகிறேன் என்று சொன்ன உறவும் அவற்றில்தான் இருக்கிறது.

ஐரிஷில் 'ஸொ' என்றால் நல்ல, எளிய. 'தொ' என்றால் கெட்ட, அரிய. 'ஸொன' மகிழ்ச்சியானது, 'தொன' மோசமானது. 'ஸைவிர்' செல்வன், 'தைவிர்' ஏழை. 'ஸொஹர்' நன்மை, 'தொஹர்' கேடு. 'ஸினன்' தெளிந்த வானிலை, 'தினன்' புயல். ஓர் எழுத்தை மாற்றினால் உலகமே தலைகீழ். கேட்டமாதிரி இருக்கிறதா? சுகம், துக்கம். சுகந்தம், துர்க்கந்தம். வடமொழியின் 'சு', 'துஸ்' முன்னொட்டுகளுக்கும் இவற்றுக்கும் தாய் ஒன்றே. வடமொழியும், ஐரிஷ், வெல்ஷ் உள்ளிட்ட கெல்டிக் மொழிகளும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். தமிழ் அக்குடும்பம் அல்ல. ஆனால் கடன் வாங்கிய சொற்களின் வழியே அந்த முன்னொட்டுகள் நம் வீட்டுக்குள் அன்றாடம் நடமாடுகின்றன.

இன்னும் உள்ளே போகலாம். 'ஸீ' என்றால் அறிஞன், 'தீ' என்றால் மூடன். ஸீயின் பழைய வடிவம் 'சு-வித்': நன்கு அறிந்தவன். அந்த 'வித்' நம்மிடம் வித்தையாகவும் வேதமாகவும் வந்திருக்கிறது. அயர்லாந்தின் கலைஞர் மன்றமான ஈஸ்டானா தரும் மிக உயர்ந்த பட்டம் இன்றும் 'ஸீ'தான். எழுத்தாளர்கள் சாமுவேல் பெக்கெட்டும் சேமஸ் ஹீனியும் அதைப் பெற்றவர்கள். 'சுதந்திரமான' என்பதற்கு 'ஸேர்', அதன் மூலம் 'சு-வீர', நல்ல ஆண்மகன். 1922இல் பிறந்த ஐரிஷ் சுதந்திர நாட்டின் பெயரிலேயே அச்சொல் இருந்தது. இன்று கடைத்தெருவில் ஸேர் என்றால் 'மலிவு'. சுதந்திரப் போராளிகள் கேட்டால் நொந்துபோவார்கள்.

இன்மையைக் காட்டும் 'அன்', 'ஏ' முன்னொட்டுகளும் அப்படியே. 'ஓலஸ்' அறிவு, 'அன்யோலஸ்' அறியாமை. 'கோர்' நீதி, 'ஏகோர்' அநீதி. 'ட்ரௌம்' கனம், 'ஏட்ரம்' கனமற்றது. அநீதி, அசுத்தம், அநாவசியம் என்று நாம் கடன் வாங்கிய சொற்களின் தலையில் உட்கார்ந்திருப்பதும் இதே எதிர்மறை. மேக்குக்குத் துணையாக வராத 'இனீன்' கூட முன்னொட்டுச் சொல்தான். பழைய வடிவம் 'இனிகெனா': வீட்டுக்குள் பிறந்தவள். அந்தக் 'கெனா' நம் ஜனனத்துக்கு உறவு.

எனக்கு மிகப் பிடித்த இணை ஒன்று இருக்கிறது. பாளையங்கோட்டைக்காரருக்குச் சொல்லாமல் விட மனமில்லை. பைபிளின் நற்செய்தி நூலுக்கு ஐரிஷில் 'ஸிஷ்கேல்' என்று பெயர். 'ஷ்கேல்' என்றால் கதை, செய்தி. முன்னால் உள்ளது அதே 'ஸொ'. அதன் மூலமான கிரேக்கச் சொல் 'எவாங்கெலியோன்'. அதன் தொடக்கமும் இதே குடும்பம். அதையே நம் பக்கத்துத் தேவாலயங்களில் சுவிசேஷம் என்கிறோம். கிரேக்கர், ஐரிஷ் துறவி, தமிழ்நாட்டு உபதேசியார் ஆகிய மூவரும் அந்த நூலுக்குப் பெயர் வைக்கும்போது, தெரியாமலே ஒரே பழைய முன்னொட்டைத் தொட்டிருக்கிறார்கள். உங்கள் நண்பர் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசட்டும். இதற்குக் கைதட்டல் தகும்.

இன்னொரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். தமிழகம் உட்படத் தென்னாட்டின் சுவடிகளையும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளான கைபீதுகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஸ்டோர்னவேயில் பிறந்தவர். அவர் தொகுப்பின் ஒரு பகுதி சென்னையின் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. அவர் பெயரில் உள்ள அந்தச் 'சி' பிழை. பழைய ஸ்காட்லாந்து எழுத்தில் யகரம் போன்ற ஒலிக்கு ஒரு தனி எழுத்து இருந்தது. அச்சகங்களில் அந்த எழுத்து இல்லாததால், பார்வைக்கு ஒத்த ஆங்கில எழுத்தைக் கோத்துவிட்டார்கள். கேலிக்கில் அவர் 'மாக் கொன்யிஹ்': கொன்யிஹ் என்பவரின் மகன். அந்தக் கொன்யிஹும் கில்கென்னிக் கோயிலின் கனிக்கும் ஒரே பெயர்தான். நம் சுவடிகளைச் சேர்த்தவரின் பெயரும் உங்கள் பேரன் வசிக்கும் ஊரின் பெயரும் ஒன்றாகிவிட்டன.

அடுத்த முறை பேரனோடு பேசும்போது 'ட்ரொஹ்அம்ஷிர்' என்று சொல்லிப் பாருங்கள். 'ட்ரொஹ்' என்பதும் முன்னொட்டே, கெட்ட என்று பொருள். தனியாக ஒருபோதும் நிற்காது. 'அம்ஷிர்' என்றால் வானிலை. அயர்லாந்தில் ஆண்டின் பாதி நாள் பயன்படும் சொல். அவன் உச்சரிப்பைத் திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள்.